பக்கத்து சீட்டு பிரேக்

சித்தப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் 'மாஸ்டர்'. பழைய வெள்ளைக் கார் ஒன்று, சாலைக் குறிகள் வரைந்த சார்ட் தொங்கும் ஒற்றை அறை ஆபீஸ் ஒன்று, அவ்வளவுதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். வேலை என்று பார்த்தால் உட்கார்ந்திருப்பதுதான். கற்றுக்கொள்ள வந்தவர் ஓட்டுவார், இவர் பக்கத்து சீட்டில் இருப்பார். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு.

உட்கார்ந்தே சம்பாதிக்கிறார் என்று பொறாமைப்பட்டவர்கள் அவர் முதுகைப் பார்த்ததில்லை. புது ஆள் கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி தவளை மாதிரி தாவி நின்றுவிடும். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இடுப்பு மட்டும்தான். ஊரார் கற்றுக்கொண்டதெல்லாம் வருஷக்கணக்கில் அந்த இடுப்பில்தான் வந்து இறங்கியது.

முதலில் தைலம். அப்புறம் பெல்ட், உடற்பயிற்சி, முதுகில் ஊசி. கடைசியில் காரை விட்டு இறங்கவே முடியாமல், யாராவது வந்து கதவைத் திறக்கட்டும் என்று காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி உள்ளேயே இருக்க ஆரம்பித்தார்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கீழ் முதுகில் ஒரு எலும்பு முன்பக்கமாக நழுவியிருந்தது. அதற்கும் அடுத்ததற்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்க வேண்டிய தட்டு, காகிதமாகத் தேய்ந்திருந்தது.

"ரெண்டு எலும்பையும் ஒண்ணாச் சேர்த்துடலாம். திருகாணியும் கம்பியும் போட்டு அசையாமப் பிடிச்சு வைப்போம். ஆனா சேர வேண்டியது உங்க எலும்புதான். அதுக்கு மாசக்கணக்குல ஆகும்."

"வலி போயிடுமா?"

"குறையும். சுத்தமாப் போயிடும்னு சொல்ல மாட்டேன்."

"மறுபடி அந்த சீட்ல உட்காரலாமா?"

"சேர்ந்த பிறகு பார்க்கலாம். அதுக்குள்ள குலுங்கி விட்டுப்போச்சுன்னா இன்னொரு தடவை அறுக்கணும்."

சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டியது அந்த சீட்டு விஷயம் ஒன்றுதான். வேறு வேலை கிடைக்காது என்றில்லை. காசும் வாங்கிக்கொண்டு ஆளையும் திட்டக்கூடிய வேலை வேறு எங்கே இருக்கிறது?

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். வராந்தா திருப்பத்தில் ஊழியர் வேகம் குறைக்காமல் திருப்ப, போர்வைக்குள் சித்தப்பாவின் வலது கால் நீண்டு பிரேக்கைத் தேடியது.

"வளைவுல மெதுவாப்பா."

"நான் உங்ககிட்டக் கத்துக்கிட்டவன்தான் மாஸ்டர்."

"அதான் தெரியுதே."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது என்றார்கள். படுக்கையில் புரள வேண்டுமென்றால் மரக்கட்டையை உருட்டுவது போல உடம்பு மொத்தமும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு அவருடைய சக்கர நாற்காலியின் முதுகில் சிவப்பு 'எல்' போர்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஒட்டியது யார் என்று நர்ஸ் விசாரித்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

யார் ஓட்டுவது என்பதில் சிக்கல் வந்தது.

"டாக்ஸி கூப்பிட்டுடறேன்" என்றார் அப்பா.

"இந்த ஊர்ல பாதி டிரைவருங்க என்கிட்டக் கத்துக்கிட்டவங்க. வேணாம்ணா."

"அப்ப நான் ஓட்டட்டுமா?"

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஓட்டறேன்" என்றாள் சித்தி.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. கல்யாணமான புதிதில் சித்தப்பா அவளுக்கும் கற்றுக்கொடுத்தார். வேண்டாத பொண்டாட்டி கைபட்டாலும் குத்தம், கால்பட்டாலும் குத்தம் என்பார்கள். இவள் வேண்டிய பொண்டாட்டிதான். ஆனாலும் கை ஸ்டீயரிங்கில் பட்டால் திட்டு, கால் கிளட்சில் பட்டால் திட்டு. ஒருநாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே?"

"லைசென்ஸே வாங்கியாச்சு. நீங்க ஊசி போட்டுட்டுப் படுத்திருந்தப்ப."

"யார்கிட்டக் கத்துக்கிட்ட?"

"மார்க்கெட் பக்கத்து ஸ்கூல்ல."

ஆபரேஷனுக்குக்கூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

பின் சீட்டில் ஏற இடுப்பைத் திருப்ப வேண்டும் என்பதால் முன் சீட்டையே சாய்த்து உட்கார வைத்தோம். அதாவது, அவருடைய சீட்டு. அவர் ஊன்றி நடக்கக் கொடுத்திருந்த நடைவண்டியை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். சித்தி சாவியைத் திருப்பவில்லை.

"பெடல்லேருந்து காலை எடுங்க."

"சும்மாதான் வெச்சிருக்கேன்."

"நீங்க அழுத்தினா உங்க முதுகுதான் வாங்கும். எடுங்க."

எடுத்தார். கார் கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை, ஆஸ்பத்திரி கேட்தான் பின்னால் போனது. வேகத்தடை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே சித்தி வேகத்தைக் குறைத்தாள்.

"சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்."

"போகட்டும். அவன் முதுகுல திருகாணி இல்லை."

ஒரு சந்திலிருந்து வேன் ஒன்று பார்க்காமல் கொள்ளாமல் வெளியே வந்தது. சித்தப்பாவின் தொடை தூக்கியது. கால் பிரேக்குக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றது. அதற்குள் கார் நின்றிருந்தது.

"எப்ப பிரேக் போட்ட?"

"அது மூக்கை நீட்டறப்பவே."

சித்தப்பா காலைக் கீழே இறக்கினார், பெடலுக்கு வெளியே. வீட்டு வாசலில் இறங்கியதும், "கிளட்ச் சுத்தம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த அளவுக்குப் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

மாதங்கள் போயின. டாக்டர் புதுப் படத்தைக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் வெள்ளையாகப் பாலம் போட்டிருந்தது.

"சேர்ந்துடுச்சு. உட்காரலாம், நாள் முழுக்க வேணாம். அதோட வண்டியைக் குலுக்காம ஓட்டறவங்களாப் பார்த்துக்குங்க."

"குலுக்காம ஓட்டத் தெரிஞ்சவன் என்கிட்ட எதுக்கு சார் வரான்?"

டாக்டரிடம் அதற்கு மருந்து இல்லை. காலை வேளைகளில் வலி இன்னும் வந்து போய்க்கொண்டிருந்தது, காலி பண்ணியும் தபால் வாங்க வரும் குடித்தனக்காரன் மாதிரி. சித்தப்பா வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். காரை விற்றுவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அது சித்தி காதில் விழுந்தது.

"மார்க்கெட் ஸ்கூல் மாஸ்டர் உங்களைவிட மூத்தவர். இன்னும் பந்து விளையாடறார்."

"அவனுக்கு நல்ல பசங்களா வந்திருப்பாங்க."

"எல்லாம் உங்ககிட்ட திட்டு வாங்கிட்டு ஓடி வந்தவங்கதான். நீங்க கத்தறீங்க, அவங்க பயந்துபோய் கிளட்ச்லேருந்து காலை எடுத்துடறாங்க. வண்டி தாவாம என்ன செய்யும்?"

அன்றைக்குச் சித்தப்பா சாப்பாட்டில் குறைகூடச் சொல்லவில்லை.

மறுவாரம் முதல் ஆளாக வந்தவர் மருந்துக்கடைக்காரர், கொஞ்சம் கனத்த சரீரம். சித்தப்பா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, உடம்பை ஒன்றாகத் திருப்பி, தன் சீட்டில் ஏறினார். சித்தி வாசல் பெருக்குவதுபோல் நின்றாள். வாசல் ஏற்கெனவே பெருக்கியாகிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் படக்கென்று கிளட்சை விட்டார். வண்டி தாவி நின்றது. நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

சித்தப்பா கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். முகம் சிவந்தது. பிறகு, யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற குரலில் சொன்னார்: "பரவால்ல. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. காலை மெதுவா எடுங்க. அவசரமே இல்லை."

இரண்டாம் தடவை வண்டி லேசாகச் சிலிர்த்துக்கொண்டு நகர்ந்து, தெருமுனை திரும்பியது.

திரும்பி வந்ததும் கதவை அவரே திறந்து இறங்கினார்.

"வலிக்குதா?" என்றாள் சித்தி.

"தொண்டை வலிக்குது" என்றார். "வாய் வரைக்கும் வந்த திட்டையெல்லாம் முழுங்கினேன்."