கஜபதி கண்ட மேற்கு

அம்பத்தூரில் தடுக்கி விழுந்தால் ஒரு வீட்டுத் தரகர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் சொல்லாராய்ச்சி செய்து மனை விற்றவர் கஜபதி ஒருவர்தான்.

அந்தப் புலமை வயிற்றுப்பாட்டில் பிறந்தது. வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும் முன்பே கேட்பார்கள்: "கிழக்குப் பார்த்த மனை கீதா?" கஜபதியிடம் இருந்தவையோ, ஏரிக்கரைக்கு மேற்கே, மேற்குப் பார்த்த மனைகள். எத்தனை நாள்தான் வாஸ்துவிடம் தோற்பது? ஒருநாள் தமிழன்னையே கைகொடுத்தாள்.

"கீழ்னா பள்ளம். அதுலேர்ந்து வந்தது கிழக்கு. மேல்னா மேடு. அதுலேர்ந்து மேற்கு. மலை அந்தாண்ட, கடல் இந்தாண்ட. நம்ம முப்பாட்டன் நெலத்தோட வாட்டம் பார்த்து வெச்ச பேரு. மேட்டை வுட்டுட்டுப் பள்ளத்தையா கேக்குற?"

கேட்டவர்கள் முன்பணத்தை எடுத்து நீட்டினார்கள். மனைகள் நகர ஆரம்பித்தன. குமணன்சாவடியில் சோபா தைக்கும் நஜீர் மட்டும் நகரவில்லை.

"தமிழ் நல்லாத்தான் கீது அண்ணாத்தே. நீ ஏன் இன்னும் வாடகை ஊட்ல கீற? அங்க கட்டிக்கினு போ. ஒரு மழை பார்த்துட்டு நானும் வாங்குறேன்."

புலவருக்கு ரோஷம் வந்தால் கேட்க வேண்டுமா? ஆயுசுக்கும் சேர்த்ததைக் கொட்டி வீடு எழுப்பினார். மனைவி வனஜா மட்டும் அசரவில்லை.

"கரைன்னு ஒன்னு இன்னாத்துக்குக் கட்னான்? தண்ணி அந்தாண்ட நிக்கத்தான. நீ அந்தாண்டயே ஊடு கட்டுற. தண்ணி உள்ள வந்துச்சு, பூந்தமல்லிக்கு என் தம்பி வெங்கட் ஊட்டுக்குப் போயினே இருப்பேன். அப்புறம் என்னைக் கூப்புடாத."

"மொழி பொய் சொல்லாது, வனஜா."

மொழி பொய் சொல்லவில்லை. நிலம் கிழக்கே சரிவதால்தான் முன்னோர்கள் கிழக்கே கரை போட்டு, மேற்கே தண்ணீரைத் தேக்கினார்கள். கஜபதியின் ஆராய்ச்சி மேற்குத் தொடர்ச்சி மலை வரை போயிருந்தது. கரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத்தான் நேரமில்லை.

கிரகப்பிரவேசத்து மாவிலை காய்ந்து உதிர்வதற்குள் ஐப்பசி மழை பிடித்தது. ஏரி தன் பழைய இடத்துக்கே குடிவந்தது. வாசற்படி ஏறி, கூடம் கடந்து, சமையலறையில் பாத்திரங்களை மிதக்கவிட்டது. வனஜா துணிமூட்டையோடு மீட்புப் படகில் ஏறிப் போய்விட்டாள். கஜபதி மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே நஜீரின் போன் வந்தது.

"மேட்ல எப்படி கீது அண்ணாத்தே?"

"காத்து நல்லா வருது பாய்."

"அப்ப நீ காத்து வாங்கு. நான் வாடகை ஊட்லயே கீறேன்."

மறுநாள் வந்த படகில் கஜபதியும் ஏறினார். பூந்தமல்லியில், வெங்கட் வீட்டு வாசலில் வனஜா நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை, வழியை மறிக்கவுமில்லை. என்ன சொல்லி உள்ளே போவது என்று தெரியாமல் கஜபதி நிலைவாசலை அண்ணாந்து பார்த்தார். தெற்குப் பார்த்த வீடு. தொண்டையைச் செருமினார்.

"தெற்குன்னு சொன்னா ஜனங்க பயப்படுது. ஆனா தென்னுன்னா இனிமைன்னு..."

"மாமா, மொதல்ல காலைக் கழுவு. சேறு," என்றான் வெங்கட்.

"பேசாம வர்றதா இருந்தா வா," என்றாள் வனஜா.

தெற்கின் இனிமையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, கஜபதி குழாயடிக்குப் போனார்.