அரை முழ வேலியும் ஒரு முறைத் தண்ணீரும்

சனிக்கிழமை விடியற்காலை யாழ்ப்பாணத்தில் புகைவண்டி ஏறினோம், கிளிநொச்சிப் பள்ளிக்கூடமொன்றில் கூலியில்லாத சிரமதான வேலைக்குப் புறப்பட்ட பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு மண்வெட்டி, பொதுவில் குழி தோண்ட இரண்டு அலவாங்கு, வேலிக்கு நான்கு கட்டுத் தென்னோலைக் கிடுகு, நட்டால் தளிர்க்கும் பூவரசங் கதியால்கள். ஆனையிறவில் உப்பளத்தின் மேல் சூரியன் ஏறியபோது கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எட்டரை மணிக்குக் கிளிநொச்சி. சந்திக் கடையில் பத்துச் சதத்துக்குத் தேநீர் குடித்துவிட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் நான்கு மைல் குலுங்கினோம். வழியெல்லாம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. நிழலுக்குத்தான் ஒரு மரமில்லை. குடியேற வந்த உசாரில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் வெட்டிவிட்டதாகச் சொல்லிச் சாரதி சிரித்தார்.

பள்ளிக்கூட வாசலில் அக்னேஸ் ரீச்சர் நின்றா. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவ. பிள்ளைகள் வெறும் பால்பேணித் தகரங்களில் வளர்த்த அறுபது கன்றுகள், வேம்பும் மாவும் பலாவுமாகச் சுவரோரம் வரிசையாக இருந்தன. போன வருடம் வைத்ததை மாடு பாதி தின்றது, வெயில் மீதியைத் தின்றது. இந்த முறையும் பட்டுப்போனால் பள்ளிக்கூடத்து அரை ஏக்கர் காணியை நெல்லுக்கு உழுதுவிடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாம். வாய்க்கால் தண்ணீர் பள்ளிக்கு அன்று மூன்று மணி முதல் ஐந்து வரை. விட்டால் அடுத்த முறைக்கு ஏழு நாள். அதுவரை அந்த வெயிலில் கன்று தாங்காது.

"முதல் வேலி" என்றேன். எங்கள் ஆட்கள் ஒரே குரலில் ஆமோதித்தார்கள். காணியைக் கண்டால் எங்களுக்குக் கை துருதுருக்கும். வேலிக்காக அடுத்த வீட்டுக்காரரோடு எட்டு வருடமாகப் பேச்சில்லாதவன் நான்.

பக்கத்துக் காணிக்காரர் கந்தையாவும் எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து குடியேறியவர். எல்லையில் கயிறு பிடித்ததுமே வந்துவிட்டார். எல்லை அரை முழம் அவர் பக்கம் தள்ளிவிட்டதாம். அளந்தோம், திரும்ப அளந்தோம், பழைய எல்லைக் கல்லைத் தேடினோம். நியாயம் பேசி, கயிறு பிடித்த இடமே எல்லையென்று முடியப் பன்னிரண்டு மணி. பிறகு விட்ட நேரத்தைப் பிடிக்கவேண்டுமே! பூவரசங் கதியால்களை நெருக்கி நட்டு, கிடுகு கட்டி, ஊரில் செய்வதுபோல் அடியில் மண் அணைத்து மிதித்தோம். எலி நுழையாது. அதற்குள் ரீச்சரும் ஊர்ப் பெண்களும் அறுபது கன்றையும் நட்டு முடித்திருந்தார்கள்.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் கந்தையாவின் காணியூடாகத்தான் வரவேண்டும் என்பதை, அளந்த எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் மண்ணணையில் முட்டிய தண்ணீர் திரும்பி அவருடைய மிளகாய்க்குள் பாய்ந்தது. அவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

ரீச்சர் வேலியருகே போனா. "அந்த அரை முழம் உங்களுக்கே இருக்கட்டும் அண்ணை. தண்ணியை மட்டும் விடுங்கோ. எங்கட கரையில ஒருத்தரும் வேலி போடுறதில்லை, எல்லாருக்கும் வலை காயப்போட இடம் வேணும்."

கந்தையா கன்றுகளைப் பார்த்தார். மணி மூன்றரை. முதல் கதியாலை அவரே பிடுங்கினார்.

"இந்தப் பக்கம் வேலி வேண்டாம். என்ர காணியைச் சுத்திவர வேலி நிக்குதுதானே. மாடு வந்தால் நான் பாக்கிறன்" என்றார்.

பிறகு நடந்தது திருவிழா! கட்டிய கைகளே பிய்த்தன. தண்ணீர் கன்று கன்றாகத் தொட்டுக்கொண்டு போனது; பெண்கள் பின்னாலேயே கூவிக்கொண்டு ஓடினார்கள், நானும் ஓடினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க, அறுபதாவது பலாவின் அடி நனைந்தது. பிடுங்கிய கதியால்களை ரீச்சர் வீணாக்கவில்லை. வாசலில் நிழலுக்கு நட்டா. இன்னும் இரண்டு கிடைத்தால் வரிசை முடிந்துவிடும் என்றா.

ஞாயிறு மாலை வீடு திரும்பியதும் கத்தியோடு எல்லை வேலிக்குப் போனேன். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்கு வந்தேன் என்று நினைத்திருப்பார்.

"கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கதியால் வேணும். ஒண்டை உங்கட பக்கத்தில வெட்டித் தாறீங்களோ?" என்றேன்.

அவர் வேலியருகே வந்து, கத்தியை வாங்கக் கை நீட்டினார்.