ஐஸ் தட்டில் இறால்

ரிச்சர்ட் சமையல்காரன்தான், ஆனால் அடுப்பருகே அவன் நிற்பது குறைவு. நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றில் குளிர்ந்த பதார்த்தங்கள் செய்யும் பகுதியில் வேலை. திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் போவான்; நாள் முழுக்க ஐஸில் அளைந்த விரல்களோடு திரும்புவான். அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இருந்தவரை குவார்ட்டர்ஸ் வாசம். அவர் கண்மூடிய பிறகு அம்மா ஞானசௌந்தரியும் அவனும் இந்த வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

நாற்பதை நெருங்கியும் கல்யாணம் கூடவில்லை. "சமையக்காரனா?" என்று கேட்டு எழுந்து போனவர்கள் உண்டு. இப்போது அம்பத்தூர் ஷர்மிளா. கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவள். பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ரிச்சர்டுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து, அவளும் அவள் அம்மா சொர்ணமும் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் பதில்.

காலையிலேயே அவன் இறாலோடு உட்கார்ந்தான். ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து, வாலை மட்டும் விட்டான். இஞ்சியும் எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டுக் கொதித்த தண்ணீரில் இறக்கி, சிவந்து வளையத் தொடங்கியதும் அள்ளி ஐஸ் தண்ணீரில் கொட்டினான். தொட்டுக்கொள்ள, சோயா சாஸில் வினிகர், துருவிய இஞ்சி, நசுக்கிய பூண்டு, கொஞ்சம் வெல்லம், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய்.

ஞானசௌந்தரி எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது? மஞ்சத்தூள்கூட இல்லாம பச்சையா கீது."

"வெந்துடுச்சும்மா. சில்லுனுதான் சாப்டணும்."

"சம்பந்தம் பேச வர்றவங்களுக்கு ஆறிப்போனத வெப்பியா? அது போவட்டும். பேசி முடிக்காத ஊட்ல கை நனைக்க மாட்டாங்கடா. சாப்ட்டா சம்மதம்னு ஆயிடும். காபியோட சரி."

"ஒண்ணு வாயில போட்டுப் பாக்கட்டும். என் வேலை இன்னான்னு தெரிஞ்சிகினு அப்புறம் வேணாம்னு சொல்லட்டும்மா."

அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனான். திரும்பியபோது வாசலிலேயே கறிவேப்பிலையும் மிளகும் சோம்பும் மணத்தன. விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினான். வாணலியில் அவன் இறால் மசாலாவில் புரண்டுகொண்டிருந்தது.

"சூடா வறுத்துட்டேன்டா," என்றாள் அம்மா, முகமெல்லாம் பூரிப்பாக. "சட்டில எடம் பத்தல. அந்த நாலஞ்சுதான் பாக்கி."

வெந்த இறாலை மறுபடி வேகவைத்தால் ரப்பர்போல் ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள். அடுப்பை மட்டும் அணைத்தான்.

வறுத்த இறால் தட்டு முன்னறைக்குப் போனது. "வாசன நல்லாத்தான் கீது," என்றாள் சொர்ணம். "ஆனா பேசி முடிக்காம கை நனைக்கிறதில்ல. தப்பா நெனச்சுக்காதீங்க." காபி டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஷர்மிளா ரிச்சர்டைப் பார்த்தாள். "ஓட்டல்ல இதத்தான் செய்வீங்களா?"

"இல்ல. இது அம்மா செஞ்சது."

"அப்ப நீங்க செஞ்சது எங்க?"

அம்மா கெடுத்துவிட்டாள் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஞானசௌந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகம் வெளுத்தது. ரிச்சர்ட் தரையைப் பார்த்தபடி, "உள்ள கொஞ்சம் கீது. சில்லுனு இருக்கும். உங்களுக்குப் புடிக்குமோ இன்னாவோ," என்றான்.

"எடுத்துட்டு வாங்க."

ஐஸ் பரப்பிய தட்டில் ஐந்தே ஐந்து. ஷர்மிளா ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி, சாஸில் தோய்த்துக் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் நாலு பேருக்கும் கேட்டது. அவள் கண்ணை மூடி மென்றாள். இரண்டாவதை எடுத்தாள்.

"அடியே, இன்னா காரியம் பண்ற?" சொர்ணம் பதறினாள். "இன்னும் பேசி முடிக்கல!"

"நான் முடிச்சிட்டேம்மா," என்று மூன்றாவதை எடுத்தாள் ஷர்மிளா.

ஞானசௌந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சொர்ணம் மகளைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், காபியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் மட்டும் ஏன் இந்தக் காபியக் கட்டிகினு உக்காந்துகினு கீறேன்?" என்று வறுத்த இறால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.