வேலன் கடை முன்பதிவுகள்

உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகும் சந்தில் மூன்றாவது ஷட்டர் வேலனுடையது. பலகையில் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, பூப்புனித நீராட்டு என்று மங்கலமாகத்தான் எழுதியிருக்கும். ஆனால் கோயமுத்தூரில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கண்ணீர் அஞ்சலிக்காரர். காலையில் ஒருவர் கண்ணை மூடினால், எடுப்பதற்குள் அவர் தெருமுனையில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் கல்யாண ஆல்பத்தில் படம் தேடி, பக்கத்தில் நின்றவரை வெட்டி, கசங்கிய சட்டையை நீவி விட்டு, தோற்றம் மறைவு போட்டு, மகன் மருமகள், மகள் மருமகன், பேரன் பேத்தி என்று வரிசை தப்பாமல் அடுக்கிப் போஸ்டர் அடித்துக் கொடுப்பார். வரிசை தப்பினால் அந்தக் குடும்பத்தில் அடுத்த சாவு வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

ஆகவே முன்பதிவு என்று ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் வரும்.

"ஏனுங்க வேலன், ஒண்ணும் அவசரமில்லீங்க. படம் அனுப்பறேன். சும்மா ரெடி பண்ணி வெச்சுக்கங்க."

எதற்கு என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், இவரும் கேட்க மாட்டார். மறைவு என்ற சொல்லுக்கு எதிரே தேதி மட்டும் காலியாக இருக்கும். முன்பதிவானவர்களில் பாதிப்பேர் பிழைத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டே "சௌக்கியமாப்பா?" என்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர் வரைக்கும் வரிசையாக மனப்பாடம் ஆகியிருந்த வேலன், "ஐயா புண்ணியத்துல நல்லாருக்கனுங்க" என்று சொல்லி வெண்டைக்காய்ப் பக்கம் நகர்ந்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முன்பதிவுகூட அவர் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. தாயை முன்பதிவு செய்த மகன்கள் அவரை நம்பித்தான் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். ஒரு பெயர் கசிந்தாலும் மறுநாள் ஷட்டரைத் திறக்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய பழைய கம்ப்யூட்டரும் அவரைப் போலவே வாய் திறக்காது. அதற்கு இன்டர்நெட் கிடையாது. முன்பதிவுகளை எல்லாம் 'கல்யாணம் 2' என்ற பெயரில் ஒரு ஃபோல்டருக்குள் பூட்டி வைத்திருந்தார். ஆடி மாதக் கரண்ட் ஏற்ற இறக்கத்தில் ஒருநாள் அது புகைவிட்டு நின்றது. அதற்கு முன்பதிவு எதுவும் இல்லை.

பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரவின்குமார் புது மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பட்டையாக, ஒரு தட்டுமுறுக்கு டப்பா மூடி கனத்தில் இருந்தது.

"இதுக்குள்ள என்ன இருக்குதுங்க?" என்றார் வேலன்.

"ஒண்ணுமே இல்லீங்கண்ணா. அதுதான் இதோட விசேஷம். ஓ.எஸ்., ஃபைலு, ஃபாண்டு, எல்லாமே கிளவுடுல. இது வெறும் ஜன்னல்."

"அப்ப என்ற ஃபைலு எங்க இருக்கும்?"

"சிங்கப்பூர்ல ஒண்ணு, அயர்லாந்துல ஒரு காப்பி."

வேலன் யோசித்தார். "சூலூர்ல ஒருத்தர் போறதுக்கு அயர்லாந்துல எதுக்குங்க காப்பி?"

"சிங்கப்பூர்ல ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"சரிங்க, அதையெல்லாம் யாரு பாப்பாங்க?"

"மனுசங்க யாருமே பாக்க மாட்டாங்கண்ணா. மெஷின்தான் பாக்கும்."

"பாத்துட்டுச் சும்மா இருக்குமா?"

"உங்க நல்லதுக்குத்தானுங்கண்ணா பாக்குது" என்றான் பிரவின்குமார். வேலனுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. ஊரில் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானைத் தொடுவதற்கு முன் நிபந்தனைகளை முழுதாகப் படிப்பேன் என்று சொல்லிவிட்டார். இதுவரைக்கும் யாரும் கேட்டிராத விஷயம் என்பதால் பிரவின்குமாருக்கு அந்தப் பக்கங்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. ஒரு மணி நேரம் தேடி எடுத்தான். தமிழிலேயே இருந்தது, அறுபத்து நான்கு பக்கம். வேலன் இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவும் கையுமாக ஒரு வரி விடாமல் படித்தார்.

இருபத்திரண்டு வருடம் பிழை திருத்திய கண் அது. ஒற்று விட்ட இடம், சந்தி கெட்ட இடம், எழுவாயும் பயனிலையும் வெவ்வேறு ஊருக்குப் போகிற வாக்கியம் என்று எழுபத்தெட்டுப் பிழைகளைப் பிடித்தார். எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினார். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று அரை நொடியில் பதில் வந்தது. அதில் பிழை இல்லை. மனநிறைவோடு பொத்தானைத் தொட்டார். என்ன எழுதியிருந்தது என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் அவரால் ஒரு வரி சொல்லியிருக்க முடியாது.

பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது; அதிலிருந்த ஃபைல்கள் எல்லாம் கிளவுடுக்கு ஏறின. மூன்றாம் நாள், மெஷின் தானாகவே முகங்களைப் பொறுக்கி வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தது. முதல் வட்டத்தில் சென்னியம்மாள். வேலனின் மனைவி. புது மை போட்டால் கலர் சரிபார்க்க அவளைத்தான் கடை வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார். 'இவர் 214 படங்களில் இருக்கிறார். மூன்று ஆண்டுகளாகப் புதிய படம் இல்லை. இவர் யார்? தொடர்புகொள்ள விரும்புகிறீர்களா?' என்றது மெஷின். ஊருக்கெல்லாம் முன்கூட்டியே செய்து வைத்தவருக்கு அவள் போன அன்று கை ஓடவில்லை. பக்கத்துச் சந்துக் கடைக்காரர்தான் அடித்துக் கொடுத்தார். பெயர் எழுதச் சொல்லி ஒரு கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. வேலன் எழுதவில்லை. இத்தனை தெரிந்த மெஷினுக்கு அது ஒன்று தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மூடினார்.

அந்த வாரம்தான் அம்புஜம் அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். பீளமேட்டில் மில் வைத்திருந்த சுந்தரராஜுலுவின் மனைவி. வீட்டில் இரண்டு கார் நிற்கும்போது ஆட்டோவில் வந்திருக்கிறார் என்றதுமே வேலனுக்கு விஷயம் புரிந்தது.

"ஏனுங்க வேலன், அவருக்கு ரெண்டாவது தடவையும் ஸ்டென்ட் வெச்சாச்சு. டாக்டரு மூஞ்சியே செரியில்லை. நான் முந்திக்கறேன்."

"தம்பிங்க சொல்ல மாட்டாங்களாம்மா?"

"பசங்க குடுத்தா ஹர்ஷிணி பேரு வராது. நான் முன்னாடியே குடுத்து வெச்சுட்டா, அந்த அவசரத்துல அதைத்தானே ஒட்டுவீங்க?"

ஹர்ஷிணி கடைக்குட்டி. பதினோரு வருடத்துக்கு முன் அன்புமணி என்ற இன்ஜினியரைக் கட்டிக்கொண்டாள். அன்புமணியின் அப்பா சுந்தரராஜுலுவின் தென்னந்தோப்பில் ஆளாக இருந்தவர். வேலனின் அப்பாவும் அதே தோப்பில்தான் இருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெண்ணின் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று ஏற்பாடு. அம்புஜம் அம்மாள் பூஜை அறையில்கூட உதடு அசைக்காமல்தான் மகளுக்காக வேண்டிக்கொள்வார்.

"மருமகன் பேருங்கம்மா?"

"வேண்டாமுங்க. அதையும் போட்டா எந்திரிச்சு வந்து கிழிச்சுப்போடுவாரு. வெறும் ஹர்ஷிணின்னு கடைசியில இருக்கட்டும். நான் வந்தது யாருக்கும் தெரியக்கூடாது."

"இந்தக் கடைச் சுவத்துக்குக் காது இல்லீங்கம்மா" என்றார் வேலன். சுவரைப் பற்றித்தான் அவரால் உறுதி சொல்ல முடிந்தது.

எழுபதாம் வயதில் பீமரத சாந்திக்கு எடுத்த படம் ஏற்கெனவே இருந்தது. ஜரிகைத் துண்டோடு சுந்தரராஜுலு சிரித்தார். தோற்றம் 1944. மறைவு, காலி. மகன்கள், மருமகள்கள், கடைசியில் மகள் ஹர்ஷிணி. சேமித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இரண்டு நாள் கழித்து, பதினொரு மணி வாக்கில், சந்து முனையில் பெரிய கார் ஒன்று நுழைய முடியாமல் நின்றது. அதிலிருந்து சுந்தரராஜுலு இறங்கி, கைத்தடி ஊன்றி நடந்து வந்தார். தன் போஸ்டர் கடை தேடி நடந்து வருவதை வேலன் முதல்முறையாகப் பார்த்தார்.

"ஏப்பா வேலா, செத்துப்போனேனாமே?"

வேலன் எழுந்து நின்றார்.

சுந்தரராஜுலு போனை நீட்டினார். 'சுந்தரராஜுலு, நீங்கள் இருக்கும் ஒரு புதிய படம்! வேலன் உங்களுடன் மகிழ்ச்சியாகப் பகிர்ந்துள்ளார்' என்று மேலே. கீழே கறுப்புப் பார்டரோடு அவர். பீமரத சாந்திப் பத்திரிகை அடித்தபோது வேலன் சேமித்து வைத்த போன் நம்பரையும் இந்த முகத்தையும் மெஷின் கூட்டிச் சேர்த்து, நல்லது செய்திருக்கிறது.

"ரெண்டு நாளா இந்தப் போன்ல ஐஸ்பெட்டி விளம்பரமா வருது. வாடகைக்கு வேணுமா, சொந்தமா வேணுமான்னு கேக்குது. பதினாறாம் நாளு சாப்பாட்டுக்கு ஒருத்தன் மெனு அனுப்பிட்டான். பீட்ரூட் அல்வாவாம். எனக்கு சுகருப்பா."

"மன்னிச்சுக்கங்க ஐயா. இந்த மெஷினு..."

"மெஷினைத் திட்டி ஆகப்போறதென்ன? சட்டை நல்லாத்தான் இருக்குது." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கடைசியில ஒரு பேரு போட்டிருக்கறயே. யாரு போடச் சொன்னது?"

சொன்னால் இந்த வயதில் அந்த அம்மாளுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று வேலனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அது மட்டும் கேக்காதீங்க ஐயா."

"என்ற சாவு நோட்டீசு. கேக்கறதுக்கு எனக்கு இல்லாத பாத்தியதையா?"

"உங்களுதுதானுங்க. ஆனா குடுத்தவங்களும் என்னை நம்பித்தான் குடுத்தாங்க."

"பசங்க சொல்லியிருக்க மாட்டானுங்க. அப்ப யாரு?"

"கடையை மூடிட்டுப் போன்னு சொல்லுங்க, போறனுங்க. பேரு சொல்ல மாட்டனுங்க."

பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது போல மெஷினின் திரை ஒளிர்ந்தது. 'இந்தப் படத்துடன் தொடர்புடைய இன்னொருவர்...' என்று ஒரு வரி எழும்பி, அதன் பக்கத்தில் வட்டமாக அம்புஜம் அம்மாளின் முகம், பீமரத சாந்தி நகையோடு, மெதுவாகத் தெளிய ஆரம்பித்தது. வேலன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். மெஷினுக்குப் பேட்டரி இருந்தது. முகம் இன்னும் தெளிவானது. கீழே கிடந்த ஃப்ளெக்ஸ் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவில் பாதி அது. தாய்மாமன் மட்டும் தெரிந்தார்.

சுந்தரராஜுலு அதற்குள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பியிருந்தார்.

"கண்ணாடி கொண்டாரலப்பா. பக்கத்துல இருக்கற எதுவும் தெரியறதில்லை" என்றார். கண்ணாடி சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃப்ளெக்ஸை அமுக்கியபடி வேலன் நின்றார். வெளியே வாளையார் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன், போடுவியா?"

"சொல்லுங்க ஐயா."

"கட்டிக் குடுத்த பொண்ணு பேரை யாராச்சும் மொட்டையாப் போடுவாங்களா? வழிப்போக்கி மாதிரி கெடக்குது. மகள் மருமகன்னு போடு. ஹர்ஷிணி, அன்புமணி. மத்தவங்களுக்கு என்ன எழுத்தோ அதே எழுத்து."

"போட்டறனுங்க."

"நான் இங்க வரலை. யாரு கேட்டாலும்."

"வரலீங்க."

கைத்தடியை ஊன்றி எழுந்தார். ஷட்டர் அருகே நின்று, "தேதியை மட்டும் கம்பெனிக்காரனை நிரப்பிடச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வேலன் பிரவின்குமாருக்குப் போன் அடித்தார். "அது ஃபீச்சருங்கண்ணா" என்றான் அவன். "நாப்பத்தி ஒண்ணாம் பக்கத்துலயே இருக்குமே, நீங்கதான் படிச்சீங்களே?" வேலன் தன் பட்டியலை எடுத்துப் பார்த்தார். இருந்தது. 'படத்தில் உள்ளவர்களுடன் தானாகப் பகிறலாம்' என்ற வரி. 'பகிரலாம்' என்று சிவப்பில் திருத்தியிருந்தார்.

"அழிச்சுப்போடலாமுங்களா?"

"அழிக்கலாமுங்கண்ணா. முப்பது நாள் குப்பைத்தொட்டியில இருக்கும். அப்புறம் பேக்கப்புல இருக்கும். அப்புறம்..."

"அப்புறம்?"

"இருக்குமுங்கண்ணா."

அன்றே ஆர்.எஸ்.புரம் பக்கம் போய் யாரோ கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, இன்டர்நெட் ஒயர் போகும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்தார். முதல் வேலையாக, பென் டிரைவில் இறக்கி வந்த சுந்தரராஜுலுவின் போஸ்டரைத் திறந்து, சொன்னபடி எழுத்தை மாற்றினார்.

மறுநாள் அம்புஜம் அம்மாள் போன் செய்தார். குரலைத் தணித்துப் பேசினார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஏனுங்க வேலன், அந்த வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்கம்மா."

"நான் ரெண்டு நாளா யோசிச்சேன். மனசு கேக்கலை. அவ ஊட்டுக்காரரு பேரையும் சேத்துப் போட்டிருங்க. மத்தவங்க மாதிரியே. போடலாமல்ல?"

"போட்டறலாமுங்கம்மா."

"சத்தம் போடுவாரோன்னுதான் அன்னிக்குப் பயந்தேன். அப்புறம்தான் தோணுச்சு, அதை ஒட்டறப்ப அவரா பாக்கப்போறாரு?"

வேலன் எதிரே இருந்த திரையைப் பார்த்தார்.

"அவரு எங்கீங்கம்மா பாக்கப்போறாரு" என்றார்.