விரல் எண்ணும் அக்கா

"கையைக் காட்டுடி. ம்... பத்தும் இருக்கு, போ. அடுத்த ஆள் வா."

காலை மணி அடிப்பதற்குள் பதினோரு பெண்களின் கைகளையும் எண்ணி முடித்துவிடுவார் அக்கா. வெளிநாட்டுக்குப் போகும் கதவுக் கீல்களைத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் பட்டறை அது. வீட்டுக்காரரின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, பிரஸ் மெஷினை "வாடா ராசா" என்று தட்டிக் கொடுத்துத்தான் வேலையைத் தொடங்குவார். அவர் சிரித்தால் மெஷின் சத்தம் எடுபடாது.

ஏன் இந்த எண்ணிக்கை என்று கேட்டால், "பழைய கம்பெனியில பக்கத்து மெஷின்காரிக்கு எட்டுதான் மிச்சம். அதுலேருந்து எண்ணாம எனக்கு வேலை ஓடாது" என்பார்.

மெஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் தகட்டை வெட்டும் அச்சு மேலிருந்து இறங்கும். அப்போது எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது. போன மாதம் ஆர்டர் திடீரென்று இரண்டு மடங்கானது. மறுநாள் வந்து பார்த்தால், எல்லா மெஷினிலும் இடது பட்டனை அழுத்தி டேப் ஒட்டியிருந்தார் சூப்பர்வைசர். ஒரு கை பட்டனில், மறு கை தகட்டில், வேலை பறக்குமாம்.

அக்கா தன் மெஷினின் டேப்பைப் பிய்த்து, உருட்டி, அவர் மேசையில் வைத்தார்.

"சார், ஆர்டர் ரெண்டு மடங்காச்சு, சந்தோஷம். எங்களுக்கு விரல் ரெண்டு மடங்காகலையே?"

"இஷ்டமில்லன்னா போம்மா. வேலை கேட்டு வாசல்ல எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை போய் ஆறு மாதம். ஆனாலும் திரும்பி வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒவ்வொருத்தியாகப் பதினோரு பேரும் கை கட்டினார்கள். பட்டறை சட்டென்று அடங்கிப்போகவே, மாடியிலிருந்த முதலாளி பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

டேப் ஒட்டிய பக்கத்து மெஷினைக் காட்டினார் அக்கா. "ஒண்ணுமில்ல சார். நீங்க ஒரே ஒரு தகடு வச்சுப் பாருங்க."

முதலாளி தகட்டை எடுத்தார். அச்சுக்குக் கீழே கையை நீட்டியவர், ஒருமுறை மேலே பார்த்தார். நீட்டிய கை தானாகத் திரும்பி வந்தது.

"இதை யாருய்யா ஒட்டினது?" என்று தன் நகத்தாலேயே டேப்பைச் சுரண்டத் தொடங்கினார். அடுத்த மெஷினுக்கு ஓடிப்போய்த் தானும் சுரண்டினார் சூப்பர்வைசர். அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

இரண்டு வாரத்தில் இரண்டு புது மெஷின்கள் வந்தன. வாசலில் நின்றவர்களில் இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. அவர்களில் ஒருத்திக்கு முதல் நாள் கால் தரையில் பாவவில்லை. இடுப்பு வரை ஆடும் பின்னலோடு, சக்கரம் சுழலும் மெஷினை நோக்கிப் பாய்ந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஏதோ கதை பேசிக்கொண்டே அந்தப் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்தார். பிறகு, தன் தலையிலிருந்த இரண்டு கொண்டை ஊசிகளில் ஒன்றை உருவி அதில் செருகினார்.