சக்கரத்தில் சந்தனம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் கம்பெனியில் பொம்மை ரயில் செய்கிறோம். அதில் இரண்டு வகை இருந்தது. டப்பாவின் மேல் இங்கிலீஷில் பெரிய பெயர்கள் போட்டிருக்கும். எங்களுக்கு ஒன்று சாதா, இன்னொன்று ஸ்பெஷல்.

சாதாவுக்கு எல்லாமே பிளாஸ்டிக். எஞ்சின் வயிற்றில் ஒரு பேட்டரி, ஜன்னலுக்கு ஸ்டிக்கர். ஸ்பெஷலுக்கு உலோகத் தண்டவாளம். சுவரில் செருகும் பெட்டியிலிருந்து கரண்ட் தண்டவாளத்துக்கு வந்து, சக்கரம் வழியாக எஞ்சினுக்குள் ஏறும். முன்னால் விளக்கு எரியும், உள்ளே சீட்டுகூட இருக்கும். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் குழந்தை கையில் கொடுக்க முடியாது. அலமாரியில் வைத்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டலாம். சாதாவை மாடிப்படியில் தள்ளிவிட்டாலும் கீழே போய் ஓடும்.

ஸ்பெஷல் டேபிளுக்கு மின்விசிறி, கையுறை, தொப்பி. அந்த டேபிளைப் பார்த்துக்கொண்டவன் என் மனைவியின் தம்பி. அஞ்சாம் கிளாஸோடு நின்ற என்னைச் சாதா டேபிளில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். அதை அவன் மறக்கவும் இல்லை, என்னை மறக்க விடவும் இல்லை. எங்கள் ஊர் எளாவூரிலிருந்து வேலைக்கு அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். செக்போஸ்டில் லாரிகள் அடைத்து நின்றால் அங்கேயே அந்தப் பேச்சை ஆரம்பித்துவிடுவான்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"மாமா, நீங்க செய்யறது இன்னா ரயிலா? சோப்பு டப்பாக்கு சக்கரம் வெச்சிகினு."

சிரித்தவர்களில் என் டேபிள் ஆட்களும் இருந்தார்கள். டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

ஆர்டர் குறைந்த வருடம் முதலாளி எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். இனி ஒரு வகைதான். சென்னையில் பல கடை வைத்திருக்கும் ஒருவர் விஜயதசமி அன்று வந்து இரண்டையும் ஓட்டிப் பார்ப்பார், அவர் எடுப்பது நிற்கும், மற்றது மூடப்படும். மூடும் டேபிளுக்கு வேலை இருக்காது. அதைக் கேட்டதும் மச்சான் என்னைத்தான் பார்த்தான். வீட்டில் என் மனைவியிடம், மாமாவுக்கு வேறு இடம் பார்க்கச் சொல் என்று அன்றைக்கே சொல்லிவிட்டான்.

ஆயுத பூஜை அன்று மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தோம். மச்சான் தன் ரயிலுக்குத் தானே பூஜை செய்தான். பன்னீரில் குழைத்த சந்தனத்தை எஞ்சின் நெற்றியில், ஒவ்வொரு சக்கரத்திலும், தண்டவாளம் நெடுக வைத்து, மேலே குங்குமம் இட்டான். என் எஞ்சினுக்கும் சக்கரத்தில் சந்தனம் வைத்தேன், மீந்ததை.

மறுநாள் காலை கம்பெனி எலக்ட்ரீஷியன் ஸ்பெஷல் தண்டவாளத்தைத் துடைக்கத் துணியோடு போனார். மச்சான் துணியைப் பிடுங்கினான்.

"சாமிக்கு வெச்சத தொடைப்பியா நீ? அவரு வர்றப்போ மங்களமா இருக்கணும்."

எலக்ட்ரீஷியன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைக்காரர் வந்தார். மச்சான் சுவிட்சைப் போட்டான். ரயில் ஒரு சாண் நகர்ந்து நின்றது. விளக்கு மினுக்கி அணைந்தது. விரலால் தள்ளினான். தள்ளிய தூரம்தான் போனது. முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். நான் சாதாவை இறக்கிவிட்டேன். சக்கரத்தில் சந்தனத்தோடு அது கடகடவென்று சுற்றிச் சுற்றி ஓடியது. கடைக்காரர் சிரித்து, குழந்தைக்கு இது போதும் என்றார்.

அவர் போன பிறகு எலக்ட்ரீஷியன் ஸ்பெஷல் சக்கரத்தை நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக உதிர்ந்தது. காய்ந்த சந்தனத்தின் மேல் கரண்ட் எப்படி ஏறும்? மச்சான் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"உன் கண்ணுதான்யா. அக்கா புருஷன்னு பாத்தேன் பாரு."

மாமா என்ற வார்த்தை அன்றோடு போனது.

ஸ்பெஷல் டேபிளைப் பிரித்து வெளியே போட்டார்கள். அங்கே இருந்தவர்களை அனுப்பிவிட்டார்கள். பழைய ஆள் என்று மச்சானை மட்டும் எங்கள் டேபிளில், எனக்கு அடுத்த ஸ்டூலில் உட்கார வைத்தார் முதலாளி. ஜன்னல் ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. இப்போது நான் அவன் வண்டியில் ஏறுவதில்லை, வேலைக்கு ரயிலில் வருகிறேன். என் மனைவி தம்பி பக்கம்தான். எனக்குச் சோறு போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டியிருந்தால் நான் எஞ்சினை அவன் பக்கம் தள்ளுவேன். அவன் பிய்த்து மறுபடி ஒட்டுவான்.

இந்த வருட ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் டேபிளில் கைமாறி வந்தது. அவன் எதற்கும் வைக்காமல், என்னைப் பார்க்காமல், என் பக்கம் நகர்த்தினான். நான் ஒரு எஞ்சினைத் திருப்பி, நான்கு சக்கரத்துக்கும் அப்பினேன். அவன் கண்ணெதிரே தரையில் விட்டேன். ஓடியது.