வெள்ளையடிக்க வந்த உளவாளி

ஒரு பொங்கலுக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு உளவாளி வந்தார். அப்படித்தான் சித்தப்பா சொன்னார். கூட்டேரிப்பட்டுக் கடையில் அவர் வாடகைக்கு எடுத்துப் படிக்காத துப்பறியும் கதை கிடையாது.

இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. திண்டிவனம் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஒருவரை வெள்ளையடிக்க அழைத்து வந்து விட்டுவிட்டு, அப்பா கரும்பு லோடோடு போய்விட்டார். வந்தவர் மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். ஏணியில் நின்றபடி அடிக்கடி நெடுஞ்சாலையைப் பார்த்தார்.

"அண்ணி, சுண்ணாம்பு அடிக்க வந்தவன் இன்னாத்துக்கு ரோட்டையே பாத்துக்கினு இருக்கான்?"

"உன்ன மாதிரி வேலயத்தவனா அவன்? திரும்பிப்போக பஸ்ஸு பாக்குறான்" என்றாள் அம்மா.

மத்தியானம் ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவரோ வாளியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். சத்தம் அடங்கிய பிறகும் எழவில்லை. அம்மாவின் முகமே மாறிவிட்டது.

"மேலேர்ந்து அடையாளம் கண்டுக்குவாங்கன்னு மூஞ்ச மறைக்கிறான்" என்று கிசுகிசுத்தார் சித்தப்பா. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்த அறையைக் காட்டி, "இங்கயும் ஒரு கை பூசிடுங்க" என்று மரியாதையாக அவரை உள்ளே அனுப்பினார். வெளியே தாழ்ப்பாள் போட்டார். போலீசைக் கூட்டிவரச் சைக்கிளில் பறந்தார்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, பொழுதுபட முன்னம் முகாமில பேர் கூப்பிடுவினம். நான் அங்க நிக்காட்டி ஓடிப்போனான் எண்டு எழுதிப்போடுவினம். பிறகு மனுசியையும் பிள்ளையையும் கொண்டுபோய் விசாரிப்பினம்."

அம்மா தாழ்ப்பாளைத் தொடாமலே கேட்டாள். "ஹெலிகாப்டர் வந்தா நீ இன்னாத்துக்கு ஒளிஞ்ச?"

"எங்கட ஊரில அது குண்டு போடத்தான் அக்கா வரும்."

அம்மா தாழ்ப்பாளை இழுத்தாள்.

"ரோட்டுப் பக்கம் போவாத, எதிர்ல வருவாங்க. கொல்லையில குறுக்கால ஓடு. ஜல்தி!"

சித்தப்பா ஒரு போலீஸ்காரரோடு வந்தபோது அறை திறந்து கிடந்தது.

"தொறந்து வுட்டது நீயாம்மா?"

"ஆமாங்க. பேர் கூப்புடற நேரம் ஆச்சின்னாரு."

போலீஸ்காரர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகாமில் விசாரித்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். "நாட்டயே காட்டிக் குடுத்துட்டியே அண்ணி" என்றார் சித்தப்பா.

"கை கால் அலம்பிக்கினு சாப்புட வா."

நானும் சித்தப்பா கட்சிதான். அன்று அம்மா கொடுத்த கேப்பைக் கூழை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

பொங்கல் கழிந்து, அவர் விட்டுப்போன பிரஷ்களை வாங்க அவருடைய மனைவி வந்தார். "உக்காரு" என்றுகூடச் சொல்லாமல், "நேரத்துக்குப் போய்ச் சேந்தாரா?" என்று அம்மா கேட்டாள்.

"பேர் கூப்பிட முன்னம் வந்திட்டார் அக்கா. ஆனா இங்கயிருந்து ஆரோ புகார் குடுத்திட்டினம். இனி அவரை வெளிய வேலைக்கு விடமாட்டினமாம். நான்தான் போறன்."

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிப் போனார். வேலைக்கு விடமாட்டார்கள் என்றது எனக்கு, இனிமேல் பள்ளிக்கூடமே வர வேண்டாம் என்று சொன்னது போலக் கேட்டது. உளவாளிக்கு எவ்வளவு சுகமான தண்டனை என்று பொறாமையாகக்கூட இருந்தது. பிரஷ்களைக் கழுவித் தருகிறேன் என்று கிணற்றடிக்குப் போன அம்மா, ஏன் அவ்வளவு நேரம் திரும்பி வரவில்லை என்பதுதான் விளங்கவில்லை.